பிரிட்ஜுக்குள் வைக்கக் கூடாத சலட்

லண்டனின் வால்தம்ஸ்டோவில் ரயில் ஏறியது முதல் குணவதி மடியில் இருந்த சட்டியைக் கீழே வைக்கவில்லை. துவாயால் சுற்றி, அதற்கு மேல் தன் கம்பளிச் சால்வையையும் போர்த்தியிருந்தாள். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண் கைக்குழந்தை என்று நினைத்து ஆசையாக எட்டிப் பார்த்தாள், சட்டியின் மூடியைக் கண்டு ஏமாந்துபோனாள்.

உள்ளே இருந்தது உருளைக்கிழங்கு சலட். லண்டனுக்கு வருமுன் குணவதியும் கணவர் ராமுவும் ஜெர்மனியில், தெற்குப் பக்கத்து ஸ்டுட்கார்ட்டில் இருந்தார்கள். அங்கே ராமு ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தார். கிறிஸ்மஸுக்கு முதல் நாள் ஜெர்மன்காரர் வீடுகளில் இறைச்சிச் சோசேஜும் இந்தச் சலட்டும்தான் சாப்பாடு. ராமு நல்ல முருக பக்தர்தான், ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் முழு ஜெர்மன்காரராகிவிடுவார். அவித்த கிழங்கைக் கை சுடச்சுட உரித்து, மெல்லிதாகச் சீவி, கோழிச் சூப்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும். பிறகு வினிகர், அரைத்த கடுகு, வெங்காயம். இளஞ்சூட்டோடு சாப்பிட வேண்டும். பிரிட்ஜுக்குள் வைத்தால் மனிதருக்குப் பொல்லாத கோபம் வரும்.

அந்த மனிதர் போன சித்திரையில் கண்ணை மூடிவிட்டார். மகன் நிரூபனும், அந்தத் தையில்தான் கலியாணம் முடித்து வந்த மருமகள் பெனிற்றாவும் லண்டனின் மறுகோடியில் டூட்டிங்கில் வீடு வாங்கி, தங்களோடு வந்து இருக்கும்படி அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்மஸுக்கு முதல் நாளான இன்றைக்குப் பதில் சொல்வதாகக் குணவதி வாக்குக் கொடுத்திருந்தாள். தனியாக இருந்து சலித்துப்போயிற்று, போக ஆசைதான். பயமெல்லாம் குசினியை நினைத்துத்தான். இத்தனை காலம் ராணியாக இருந்துவிட்டு, உப்பு எங்கே என்று இன்னொருத்தியிடம் கேட்டு நிற்பதா?

"வாங்கோ மாமி, களைச்சுப்போனீங்கள்," என்று பெனிற்றா சட்டியை வாங்கிக் குசினிக்குள் வைத்தாள். அதற்குள் அவளுடைய தாய் போனில் கூப்பிட, பேசிக்கொண்டே முன்னறைக்குப் போனாள். பெனிற்றா வீட்டாரும் ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள்தான், ஆனால் வடக்கே, ஹம்பர்க்கில் இருந்தவர்கள்.

தேநீருக்குப் பால் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்த குணவதிக்குத் திக்கென்றது. பெரிய கோப்பை நிறைய உருளைக்கிழங்கு சலட்! குளிர்ந்து விறைத்து, முட்டையும் எண்ணெயும் அடித்த மயோனைஸில் வெள்ளை வெளேரென்று கிடந்தது. உள்ளே அவித்த முட்டை, ஊறுகாய் வெள்ளரி, போதாக்குறைக்கு ஆப்பிள் துண்டு வேறு.

பாவம் பிள்ளை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று குணவதிக்கு மனம் இளகிவிட்டது. தன் சலட் காய்ந்துபோனால் விடவென்று பிளாஸ்கில் கொண்டுவந்த சூப்பைத் தாராளமாக அதற்குள் ஊற்றி, மைக்ரோவேவில் நன்றாகச் சூடாக்கி, மூடி மேசையில் வைத்தாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு முகம் கழுவ மேலே போனாள்.

இறங்கி வந்தபோது நிரூபன் சோசேஜ் பொதியோடு வந்து நின்றான். குணவதி தன் சட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே முழுக்க மயோனைஸ்.

"என்ன பிள்ளை இது?"

"தண்ணியாக் கிடந்தது மாமி," என்றாள் பெனிற்றா, முகமெல்லாம் சிரிப்பாக. "மயோனைஸ் போட நேரமில்லாமல் வந்திட்டீங்களாக்கும் எண்டு நானே சூப்பை வடிச்சு ஊத்திப்போட்டு அதையும் போட்டுவிட்டன்."

குணவதிக்குக் காதெல்லாம் சுட்டது. ராமுவின் சூப்பைத் தொட்டிக்குள் ஊற்றியிருக்கிறாள்! இந்த வீட்டில் எனக்கு ஒரு நாள்கூடச் சரிவராது, சட்டியைத் தூக்கிக்கொண்டு இப்போதே போய்விட வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டாள். வாயைத் திறக்கப் போன நேரம் பெனிற்றா தன் கோப்பையின் மூடியைத் திறந்தாள். மயோனைஸ் திரைந்து, எண்ணெய் மிதந்து, முட்டையும் ஆப்பிளும் சூப்பில் நீந்திக்கொண்டிருந்தன.

பெனிற்றாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "மாமா இல்லாத முதல் கிறிஸ்மஸ். அவற்ற சலட் இல்லாமல் நீங்கள் இருக்கக்கூடாதெண்டு அம்மாட்டக் கேட்டுக் கேட்டு நேற்றே செய்து வைச்சனான்." கரண்டியால் ஒரு தரம் கிளறிப் பார்த்தாள். "ஆர் இப்பிடிச் செய்தது?"

வேறு யார்? குணவதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய் வரைக்கும் வந்த கோபத்தை அப்படியே விழுங்கினாள்.

"நான்தான் பிள்ளை. சூப் விட மறந்திட்டாய் எண்டு நினைச்சன்."

நிரூபன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அம்மா, ஜெர்மனியில வடக்கத்தைச் சாப்பாடு வேற, தெற்கத்தைச் சாப்பாடு வேற. யாழ்ப்பாணத்துக் கறியும் மட்டக்களப்புக் கறியும் ஒண்டே? இரண்டுபேரும் சேர்ந்து இரண்டையும் நாசமாக்கிப்போட்டு நிக்கிறியள்."

முதலில் சிரிப்பு வந்தது பெனிற்றாவுக்கா குணவதிக்கா என்று சொல்ல முடியாது. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். பிறகு சோசேஜோடு அந்தக் கோலத்தையே சாப்பிட்டார்கள். ராமு இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியிருப்பார். அதை நினைத்துக் குணவதி சிரிப்போடு கொஞ்சம் அழுதாள், ஆனால் அது நல்ல அழுகை.

"மாமி, மேல உங்களுக்கெண்டு ஒதுக்கின அந்த அறை..." என்று பெனிற்றா மெதுவாக இழுத்தாள்.

"அறை கிடக்கட்டும். குசினியில என்ர சட்டியை எங்க வைக்கிறது?"

பெனிற்றா எழுந்து அலுமாரியைத் திறந்தாள். எல்லாத் தட்டிலும் சாமான் நெருக்கியடித்துக் கிடக்க, நடுத்தட்டு மட்டும் துடைத்து வெறுமையாக இருந்தது.

"கீழ்த்தட்டெண்டால் நீங்கள் குனியவேணும். அதான் இதை ஒதுக்கி வைச்சனான்."

குணவதி அந்த வெறுந்தட்டை விரலால் தடவினாள்.

"ஓம், வாறன். ஆனால் இப்பவே சொல்லிப்போட்டன், என்ர சலட்டைப் பிரிட்ஜுக்குள்ள வைக்கப்படாது."

"உங்கட சூப்பும் என்ர கோப்பைப் பக்கம் வரப்படாது," என்றாள் பெனிற்றா.

குணவதி சட்டியைத் தன் கையாலேயே கழுவி, ஈரம் போகத் துடைத்து, நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். மற்றச் சாமான்களைக் கட்டுவதற்காக வால்தம்ஸ்டோவுக்குத் திரும்பும்போது அவள் கையில் ஒன்றும் இருக்கவில்லை.