பாடை தூக்கும் பாட்டு

சவுண்டு செட்டின் வயரைப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தார் குற்றாலீஸ்வரன். பாட்டு பாதி வரியில் நின்றது. பந்தலில் மாரடித்துக்கொண்டிருந்த பெண்களும் ஒரு கணம் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான பாடிட்டு இருந்துச்சு அண்ணாச்சி," என்றான் செட்டுக்கார இசக்கி.

"யாரு வீட்டுப் பாட்டுலே அது? என் தம்பிய எடுக்கையில வெளியாளு குரல் கேக்கப்படாது."

வெளியாள் என்றது அந்தப் பதிவில் பாடியிருந்த மணிமுத்துவை. அவன், இறந்து கிடந்த தம்பி பால்வண்ணநாதனின் கால்மாட்டில், கூடப் பிறந்தவன் மாதிரி முகம் வீங்க உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த தம்பியைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவனும் அவன்தான். கடைசித் தண்ணீர் ஊற்றியவனும் அவன்தான். அதையும் சேர்த்துத்தான் குற்றாலீஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை.

அந்த வழியனுப்புப் பாட்டு அவர்களுடைய அப்பா கட்டியது. இலஞ்சியில் யார் வீட்டில் பாடை எழுந்தாலும் அவர் முன்னால் நின்று பாடுவார். அவருக்குப் பின் அந்த உரிமை மூத்த மகனுக்கு வந்தது. போலீஸ் வேலையில் இருந்தபோதும் லீவு போட்டுவிட்டு வந்து பாடினார். இளையவன் வீட்டு மாடியில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்ததும், அந்தப் பாட்டை அண்ணன் குரலில் ஒன்றும் மணிமுத்து குரலில் ஒன்றுமாகப் பதிந்தான். வடகரை வரைக்கும் எல்லா சவுண்டு செட்டிலும் ஏறியது மணிமுத்துவின் குரல். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு குற்றாலீஸ்வரனால் பேச முடிந்தது, பாட முடியவில்லை. அவருடைய பாட்டில் மிச்சமிருப்பது அந்த ஒரு பதிவு. அதுவும் வறண்டு, தட்டையாகக் கிடந்தது. தம்பி வேண்டுமென்றேதான் தன்னை அப்படி விட்டுவிட்டான் என்று அவர் நம்பினார்.

"மஞ்சு, மேல வா," என்று தம்பி மகளை அழைத்துக்கொண்டு மாடியேறினார்.

பால்வண்ணநாதனின் மூக்குக்கண்ணாடி கீபோர்டின்மேல் கழற்றி வைத்தபடியே இருந்தது.

"என் பாட்டையும் அவன் பாட்டையும் எடு. எதுக்கு என்ன வேலை பாத்திருக்கான் உங்கப்பன்னு எனக்குத் தெரியணும். அவன எடுக்கதுக்குள்ள தெரியணும்."

மஞ்சுவுக்கு அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "குரல மெருகேத்த அப்பா வச்சிருக்க எஃபெக்டு ஒவ்வொண்ணோட அளவையும் இந்த ஏஐ பாத்து வாசிச்சுச் சொல்லும் பெரியப்பா. கண்ணு மங்கின பெறவு இதுகிட்டதான் கேப்பாவ. நாளு பூரா இதுகூடத்தான் பேச்சு."

"அண்ணன்கிட்ட பேச வாயில்ல. இதுகிட்ட பேசியிருக்கானாக்கும்."

மஞ்சு அதனிடம் கேட்டாள். ஸ்பீக்கரில் ஏற்ற இறக்கமில்லாத ஒரு குரல் வந்தது.

"மணிமுத்து குரலில் நான்கு எஃபெக்டுகள் உள்ளன. நான்கும் இயங்குகின்றன. சுருதித் திருத்தம் முழு அளவில் உள்ளது."

குற்றாலீஸ்வரன் மீசையைத் தடவிக்கொண்டார். "முழு அளவு. கேட்டியா? சுருதியே நிக்காத பயலுக்குத்தான் ஊரே தலையாட்டுது. சரி, என்னுதக் கேளு."

"'அண்ணன்' என்று பெயரிட்ட குரலில் ஒன்பது எஃபெக்டுகள் உள்ளன. சுருதித் திருத்தம் இல்லை. சகர ஒலியின் கூர்மையைக் குறைக்க ஒன்று. மூச்சுச் சத்தத்தை வரிக்கு வரி வெவ்வேறு அளவில் குறைக்க ஒன்று. எதிரொலிக்கு இரண்டு. அவற்றில் ஒன்றை 'ஐந்தருவிப் பாறை' என்று பெயரிட்டுச் சேமித்திருக்கிறார்."

அது ஒவ்வொன்றின் அளவையும் சொல்லிக்கொண்டே போனது. கடைசியில், "ஒன்பதும் அணைக்கப்பட்டுள்ளன," என்றது.

"யாரு அணைச்சது?"

"அமைப்புகளில் அந்த விவரம் இல்லை."

விவரம் அவருக்குத் தெரியும். பதிவு முடிந்த அன்று யூனிபாரத்தோடு இதே நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னார்: "நம்ம வீட்டுக் குரல்ல மிசினு கை படக்கூடாது. அப்பா தொண்டையாக்கும் இது." தம்பி திரும்பாமலே, "சரிண்ணே," என்றான். அதற்குப் பிறகு அவர் இந்த மாடிக்கு ஏறவில்லை.

கீழே யாரோ, "மூத்தவர் எங்கய்யா? நேரமாவுது," என்று சத்தம் கொடுத்தார்கள்.

மஞ்சு மவுஸைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். "ஆன் பண்ணட்டா பெரியப்பா?"

அவர் தம்பியின் கண்ணாடியை எடுத்து, மடக்கி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீ பண்ணுதத பண்ணு. என்கிட்ட கேக்காத."

அவர் கீழே வந்தபோது பாடை தயாராக இருந்தது. முன்பக்கத்தில் ஒரு கொம்பை மணிமுத்து பிடித்திருந்தான். அவனை விலகச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் மறுகொம்பைத் தோளில் வாங்கினார். மஞ்சு கொடுத்த பென் டிரைவை இசக்கி செருகினான்.

பாட்டு எழுந்தது. விழுகிற தண்ணீருக்குப் பக்கத்தில், ஈரப் பாறையை ஒட்டி நின்று ஒருவர் பாடுவது போலிருந்தது. அப்பா பாடுகிறார் என்றுதான் குற்றாலீஸ்வரனுக்கு முதலில் தோன்றியது. இரண்டாவது வரியில்தான் அது தன் குரல் என்று பிடிபட்டது.

தெருமுனையில் முத்துவடிவு ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:

"இந்த மணிமுத்துப் பய என்னமா உருகிப் பாடியிருக்கான் பாரு."

மணிமுத்து நின்றுவிட்டான். "ஆச்சி, அது நான் இல்ல..."

"நடலே," என்றார் குற்றாலீஸ்வரன்.

மணிமுத்து குள்ளம். நாலு எட்டு வைப்பதற்குள் பாடை அவன் பக்கம் சாய்ந்தது. குற்றாலீஸ்வரன் முதுகைச் சற்று வளைத்துக்கொண்டார்.