பத்திரமாக இருக்கிறது

அந்த வாரம் முழுக்க ஒன்பதாம் வகுப்பில் ஒரு திடீர் விவாதத்துக்கு ஒத்திகை நடந்தது. தலைப்பு: உரிமைகளும் சுரண்டலும். பள்ளிக்குத் தரம் போட ஒரு குழு வருகிறது. அவர்கள் கண்முன்னால் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தாங்களாகவே பொங்கி எழ வேண்டும். யார் யாருக்கு அப்புறம் பொங்குவது என்பதைத் தாளாளரே எழுதிக் கொடுத்திருந்தார்.

"சுரண்டல் எல்லாம் கொஞ்சம் தூரமா நடக்கட்டும் டீச்சர்" என்றார் அவர், சமூக அறிவியல் ஆசிரியையிடம். "கடல் தாண்டி நடந்தா ரொம்ப நல்லது. இல்லையா, போன நூற்றாண்டுல நடந்ததா இருக்கட்டும். உள்ளூர்ச் சுரண்டல் மட்டும் வேண்டாம். வர்றவங்களுக்கு யாரு சொந்தமோ, யாரு பந்தமோ."

ஆசிரியை தலையாட்டினாள். வேறு எதையும் ஆட்டும் நிலையில் அவள் இல்லை. அவளுடைய பட்டச் சான்றிதழ்கள் தாளாளரின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவுக்குள் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்று, 'சரிபார்த்துட்டுத் தர்றோம்' என்று வாங்கி வைத்தது. சேர்ந்தபோது இடுப்பில் இருந்த அவளுடைய மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சரிபார்ப்பு இன்னும் முடிந்தபாடில்லை.

மகளும் கணவனும் வேறு ஊரில் இருந்தார்கள். இவள் பள்ளிக்குப் பின்னால் ஓர் அறையில், கணக்கு டீச்சரின் குறட்டையோடு குடித்தனம் நடத்தினாள். கணவன் இருக்கும் ஊரிலேயே இப்போது வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அசல் சான்றிதழ்களோடு நேரில் போய் நின்றால் போதும். போகாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"சார், என் சர்டிபிகேட்..."

"பத்திரமா இருக்கு."

அது தாளாளரின் வார்த்தை. அந்தப் பள்ளியில் எல்லாமே பத்திரமாக இருந்தன. நூலகப் புத்தகங்கள் பூட்டிய அலமாரிக்குள், ஒரு மாணவன் கைகூடப் படாமல் பத்திரமாக இருந்தன. கால்பந்துகள் காற்றே ஏற்றப்படாமல் பத்திரமாக இருந்தன.

"வெள்ளிக்கிழமைக்கு வேணும் சார். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன்."

"நாமெல்லாம் ஒரே குடும்பம் டீச்சர். குடும்பத்துல யாராவது இப்படித் திருப்பிக் கேப்பாங்களா?"

'குடும்பத்துல யாரும் வாங்கி வெச்சுக்க மாட்டாங்களே சார்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"வியாழக்கிழமை கிளாஸ் நல்லா நடக்கட்டும்" என்றார் அவர். "அன்னைக்குச் சாயங்காலமே உங்க கையில."

வியாழக்கிழமை வந்தது. குழுத் தலைவி ஒரு கல்லூரிப் பேராசிரியை. கூட வந்த இருவரும் பிஸ்கட் தட்டை முதலில் ஆய்வு செய்தார்கள். மூவரும் தாளாளரோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

'ஒலிபெருக்கி' என்று பெயர் வாங்கிய மாணவன், தன் முறை வருவதற்கு முன்பே பொங்கிவிட்டான். கடல் தாண்டிய ஏதோ ஒரு சுரங்கத்தை அவன் கண்டித்த கண்டிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்து எழுந்த பெண்ணுக்கு வரிசை குழம்பிவிட்டது. "மிஸ், நான் இப்ப எதிர்க்கணுமா, ஆதரிக்கணுமா?" என்று நேராகக் கேட்டாள். தாளாளர் இருமினார்.

குழுத் தலைவி சிரித்தார். "நல்லாப் பேசறீங்க. தூரத்துல நடக்கறது இருக்கட்டும். உங்க வீட்டுப் பக்கம், நீங்க கண்ணால பாத்தது ஏதாவது சொல்லுங்களேன்."

அது எழுதிக் கொடுத்ததில் இல்லை. ஒலிபெருக்கி குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேட ஆரம்பித்தான். அப்போது ஜன்னலோரத்திலிருந்து 'குண்டூசி' எழுந்தாள். ஒல்லியான பெண். ஒத்திகையில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை கைதட்டுவது மட்டும்தான்.

"எங்க அக்கா தையல் கம்பெனிக்குப் போறா மேடம். சேர்றப்பவே அவ அடையாள அட்டையை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. இப்ப வேற இடத்துக்குப் போகலாம்னு கேட்டா, தர மாட்டேங்கறாங்க. பத்திரமா இருக்குங்கறாங்க."

பின்வரிசையில் ஒரு நாற்காலி முனகியது.

"டீச்சர், நீங்க சொல்லுங்க" என்றார் குழுத் தலைவி. "இது சுரண்டலா, இல்லையா?"

ஆசிரியை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்றால் பீரோ திறக்காது. இல்லை என்றால் திறக்கும். நாளைக்கு மகளைப் பார்க்கலாம். தாளாளர் போட்டோவுக்குச் சிரிப்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். மடியில் சாவிக்கொத்து. இந்தப் பக்கம் குண்டூசி இன்னும் உட்காரவில்லை. பதில் கேட்டுக்கொண்டு போய் அக்காவிடம் சொல்வதற்காக நிற்பவள்போல நின்றாள்.

"சுரண்டல்தான்" என்றாள் ஆசிரியை.

அதோடு நிறுத்தவில்லை. "அது அவளோட பொருள். யாரு வாங்கி வெச்சாலும் சரி, எவ்வளவு அன்பாப் பேசினாலும் சரி, நாமெல்லாம் ஒரே குடும்பம்னு சொன்னாலும் சரி. பத்திரமா வெச்சிருக்கறதுன்னா, கேட்டதும் எடுத்துக் குடுக்கணும். கேட்டும் குடுக்கலேன்னா அதுக்குப் பேர் பத்திரம் இல்ல, பூட்டு."

அவள் மாணவர்களைப் பார்க்கவில்லை. தாளாளரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு யாரோ கைதட்டினார்கள். தாளாளர்.

"எங்க பள்ளியில கருத்துச் சுதந்திரத்துக்குத் தடையே கிடையாது மேடம்" என்றார் அவர், தட்டிக்கொண்டே. உடனே எல்லாரும் தட்டினார்கள். குண்டூசியும் தன் வேலை ஞாபகம் வந்து தட்டினாள்.

குழுத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனையோ ஸ்கூல் பாத்துட்டேன் சார். இப்படி உயிரைக் குடுத்துப் பாடம் நடத்தற ஆளைப் பாத்ததில்ல. இந்த டீச்சரை விட்டுடாதீங்க."

"விடுவேனா மேடம்? பத்திரமா வெச்சுக்க மாட்டேனா?"

குழு கிளம்பியதும் ஆசிரியை வாசல்வரை ஓடினாள். கார் கிளம்பவிருந்தது. கண்ணாடியைத் தட்டினாள். குழுத் தலைவி இறக்கினார்.

"மேடம், வகுப்புல நான் சொன்னது உதாரணம் இல்ல. என் சர்டிபிகேட் எல்லாம் சாரோட பீரோவுக்குள்ள இருக்கு. நாளைக்குக் காலையில வேணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

குழுத் தலைவி உள்ளே பார்த்தார். கூட வந்தவர்கள் மிச்ச பிஸ்கட்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையை வெளியே நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எந்த வாயால சொல்றதும்மா? என்னோடது எங்க காலேஜ் ஆபீஸ்ல இருக்கு."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "பத்திரமாத்தான் இருக்கு" என்றார். கண்ணாடி ஏறியது.

அவள் திரும்பியபோது தாளாளர் பின்னால் நின்றிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்கு நம்பிக்கை வந்திருக்கும். பிடிக்காத ஆளை வெளியே அனுப்புவார்கள் அல்லவா?

"பிரமாதம் டீச்சர்! நானே ஆடிப்போயிட்டேன். நாளைக்குக் காலையில வீடியோக்காரன் வர்றான். அதே கிளாஸ், அதே விவாதம். வாசல்ல பெரிய திரை வெச்சுப் போடப் போறோம்."

"நாளைக்கு நான் ஊருக்குப் போகணும் சார். சாயங்காலம் தர்றேன்னு சொன்னீங்க..."

"கிளாஸ் நல்லா நடந்தாத் தர்றேன்னு சொன்னேன். இவ்வளவு நல்லா நடக்கும்னு யாரு கண்டா? இனிமே உங்களை எப்படி அனுப்பறது?" என்று சிரித்தார். "அந்தப் பொண்ணு அக்கான்னு சொல்ல வேண்டாம். வெளிநாட்டுல யாரோ ஒரு பொண்ணுன்னு மாத்திக் குடுத்துடுங்க. மத்ததெல்லாம் அப்படியே. கடைசியில ஒரு கோபம் வந்தது பாருங்க, அது மட்டும் குறையக் கூடாது."

சாவிக்கொத்து குலுங்கிக்கொண்டே அலுவலகத்துக்குள் போனது.

வகுப்பறையில் பிள்ளைகள் கலைந்துவிட்டிருந்தார்கள். கரும்பலகையில் தலைப்பு அப்படியே இருந்தது. ஓரத்தில் யாரோ 'அழிக்காதீர்கள்' என்று எழுதிக் கட்டம் போட்டிருந்தார்கள். குண்டூசி மட்டும் பையை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"மிஸ், நாளைக்கும் நான்தான் பேசணுமாம்ல?"

"ஆமா."

"நீங்க சொன்னதை இன்னைக்கு அக்காகிட்ட சொல்லப் போறேன். அவ போய்க் கேட்டு, அவங்க அட்டையைக் குடுத்துட்டாங்கன்னு வைங்க. அப்புறம் நாளைக்கு நான் என்ன மிஸ் சொல்றது?"

ஆசிரியை சாக்பீஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவுக்குள் போட்டாள். மூடியை அழுத்தினாள்.

"பயப்படாதே" என்றாள். "அவ்வளவு சீக்கிரம் குடுத்துட மாட்டாங்க."