இடக்கை முடிச்சு

மகள் இறந்த மறு வருடம், வெளிநாட்டில் அவள் தொண்டு செய்த அதே தமிழ்ப் பெண்கள் கூட்டுறவுக்கு அம்மாவும் போனாள். பின்னிய பைகளைச் சரிபார்க்கும் வேலை. முதல் நாளே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. முப்பது பையிலும் கைப்பிடி முடிச்சு இடம் வலம் மாறி இருந்தது.

"எல்லாருக்குமா கை கோணிக்கிச்சு? அவிழ்த்துதான் போடணும்" என்றாள்.

கூட்டுறவின் தலைவி விழித்தாள். "உங்க பொண்ணு சொல்லிக்கொடுத்ததுதானேக்கா? அவ கையைப் பாத்து அப்படியே போட்டோம்."

மகள் இடக்கைக்காரி. பென்சிலைக் கை மாற்றச் சொல்லி அம்மா எத்தனை முறை அதட்டியிருப்பாள்!

"தப்பா, சரியான்னு சொல்லுங்கக்கா. இன்னிக்கு அனுப்பணும்."

"தெரியலையேம்மா."

அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். பிறகு ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தாள். இன்னும் இறுகியது. தப்பா, சரியா என்று தெரியாமலே, எதையும் அவிழ்க்காமல் பைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.