சேர்த்து வைப்பவள்

சின்ன மருந்துக் கடை நிறுவனம் ஒன்றைப் பெரிய நிறுவனம் வாங்கியபோது, அலமாரிகளோடும் தராசுகளோடும் வாடிக்கையாளர்களும் கைமாறினார்கள். பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, என்ன நோய், என்ன மாத்திரை, எல்லாம் ஒரே மூட்டையாக வந்து இறங்கின. இரண்டு இடத்திலும் மருந்து வாங்கியவர்கள் இரண்டு ஆட்களாகத் தெரிந்தார்கள். அவர்களை ஒரே ஆளாக்குவதுதான் அவள் வேலை. பெரும்பாலும் கம்ப்யூட்டரே சேர்த்துவிடும். அதற்குச் சந்தேகம் வந்தால் மட்டும் திரையில் ‘ஒரே நபரா?’ என்று கேட்கும். கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பட்டன்கள்.

அலுவலகத்தில் அவளைக் கோந்து அக்கா என்பார்கள். பக்கத்து இருக்கைக்காரிக்குக் காலையில் அதைச் சொல்லிச் சீண்டாவிட்டால் பொழுது விடியாது.

“நேத்து எத்தனை ஜோடியைச் சேர்த்து வெச்சீங்க அக்கா? தரகு கமிஷனாவது கேட்டு வாங்குங்க.”

அக்கா சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். கடவுளே, என் கையால் யாருக்கும் கெடுதல் வரக்கூடாது. இதை அவள் பழக்கத்துக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் மனதாரக் கேட்டாள். ஜன்னல் இல்லாத அந்த அறையில், குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு பட்டன் அழுத்துவதிலும் ஒரு நல்லது செய்ய இடமிருக்கிறது என்று நம்பினாள்.

அப்படித்தான் அந்தப் பெண்ணின் கணக்கும் வந்தது. ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே தைராய்டு மாத்திரை. முகவரியும் போன் நம்பரும் மட்டும் வேறு. சந்தேகம் தீராவிட்டால் ‘இல்லை’ என்று அழுத்திவிடலாம். சின்ன நிறுவனத்திலிருந்து வந்த பழைய கணக்கு சேராமல் அழிந்துபோகும். ஆனால் பழையதில் மட்டும் ஒரு குறிப்பு இருந்தது: பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. அது அழிந்து, நாளைக்கு யாராவது தெரியாமல் கொடுத்துவிட்டால்? பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று அக்கா ‘ஆம்’ அழுத்தினாள்.

அடுத்த வாரம் ஒரு போன் அவளுடைய இருக்கைக்கே வந்தது. சேர்த்தவர் யார் என்பது கணக்கில் பதிவாகியிருக்கும்.

“என் மாத்திரை கிளம்பிடுச்சுன்னு பழைய நம்பருக்கு மெசேஜ் போயிருக்கு மேடம். இப்ப இருக்கிற வீட்டு அட்ரஸோட.” குரல் ரகசியம் பேசுவதுபோல இருந்தது.

“அது யார் நம்பர்மா?”

“என் வீட்டுக்காரர் நம்பர். அவர் அடி தாங்காமதான் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தேன். ‘உங்க அக்கா புது வீடு நல்லா இருக்கா?’ன்னு என் தங்கச்சிகிட்ட கேட்டிருக்கார்.”

அக்கா பென்சிலின் குறிப்பைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். நல்லது என்று நினைத்துத்தான் சேர்த்தேன் என்றாள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. “எங்களைச் சேர்த்து வைக்க அம்மா பார்த்தாங்க, மாமா பார்த்தார். யாராலயும் முடியல மேடம். நீங்க முடிச்சுட்டீங்க.”

அக்கா சூப்பர்வைசரிடம் ஓடினாள். அவன் கெட்டவன் இல்லை. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து, இனி எந்த மெசேஜும் போகாதபடி நிறுத்தினான். ஆனால் சேர்த்ததைப் பிரிக்கப் பட்டன் கிடையாது. அதற்குள் அந்தக் கணக்கு கூரியருக்கும் காப்பீட்டுக்கும் கிளினிக்குகளுக்கும் போய்விட்டிருந்தது. நிறுவனத்தின் பாஷையில் அவர்கள் எல்லாரும் பங்காளர்கள்.

“திரும்ப வாங்க முடியாதா தம்பி?”

“பங்காளிங்க கைக்குப் போனது என்னைக்குக்கா திரும்பி வந்திருக்கு?” என்றான். சிரிக்கத்தான் சொன்னான், அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

அக்கா அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்தபோது மறுமுனையில் ஜிப் இழுபடும் சத்தமும், ஷூ எங்கே என்று ஒரு பிள்ளை கேட்பதும் கேட்டன. போக இடம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறதாம்; ஆனால் எங்கே என்று சொல்ல மாட்டாளாம், தப்பாக நினைக்கக் கூடாதாம்.

“சொல்லாதம்மா. எனக்கும் சொல்லாத. பேரைக்கூட மாத்திச் சொல்லிக்கோ. பென்சிலினை மட்டும் எந்த டாக்டர்கிட்ட போனாலும் வாயால சொல்லிடு. மறந்துடாத.”

“சரிக்கா,” என்றாள் அந்தப் பெண். மேடம் அக்காவாகிவிட்டதை இருவரும் கவனித்தார்கள். கதவு பூட்டப்படும் சத்தம் வரை அக்கா ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள். அன்று வீட்டுக்குப் போய், பெயர் தெரிந்தும் பெயர் சொல்லாமல் அவளுக்காக வேண்டிக்கொண்டாள். இந்த அளவாவது உதவ முடிந்ததே என்று மனம் கொஞ்சம் ஆறியது.

மாதம் திரும்புவதற்குள் திரை அவளைக் கேட்டது: ‘ஒரே நபரா?’

பங்காளிக் கிளினிக் ஒன்றிலிருந்து வந்த கணக்கு. வேறு பெயர், வேறு நம்பர், வேறு முகவரி. எதை வைத்து இவள்தான் அவள் என்று சந்தேகம் வந்ததோ அதை மஞ்சளில் காட்டியிருந்தது: பிறந்த தேதி, தைராய்டு, பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. அக்கா சொன்னபடியே அவள் மறக்காமல் வாயால் சொல்லியிருக்கிறாள்.

எச்சரிக்க வேண்டும் என்று அந்தப் புது நம்பருக்குப் போன் செய்தாள். “நான்தாம்மா, மருந்துக் கடை அக்கா.”

அங்கே ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு, “இந்த நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?” பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தால் போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்றது.

அக்கா ‘இல்லை’ என்று அழுத்தினாள். தெரிந்தே அவள் சொன்ன பொய். கம்ப்யூட்டர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் காட்டியது.

ஆனால் கூரியர் ஆபீசிலும் இப்படி ஓர் அறை இருக்கும். காப்பீட்டிலும் இருக்கும். அங்கேயும் சால்வை போர்த்திய ஒருத்தி, கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். நல்லவளாகத்தான் இருப்பாள். பென்சிலின் குறிப்பைப் பார்ப்பாள். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைப்பாள்.

மறுநாள் காலையில் அக்கா கண்ணை மூடினாள். ‘கடவுளே, என் கையால்’ என்பதற்கு மேல் சொல்ல வரவில்லை.