ஏரி மண்ணில் வந்த கத்தி

பீங்கான் தொழிற்சாலையில் எனக்கு இரும்பைப் பிடிக்கிற வேலை. கேட்பதற்கு ஏதோ போலீஸ் உத்தியோகம் மாதிரி இருக்கும். மண்ணைக் கரைத்த கூழ் சல்லடையில் இறங்கும்போது அதில் இரும்புத் தூள் இருந்தால் காந்தம் வைத்து எடுத்துவிட வேண்டும். தப்பிப் போனால் சூளையிலிருந்து வரும் வெள்ளைக் கோப்பையில் பழுப்புப் புள்ளி விழும். கடுகளவு இரும்பைக்கூட விடமாட்டான் கலியமூர்த்தி என்று பெயர் வாங்கியிருந்தேன். அப்பேர்ப்பட்ட என் மண் கரைக்கிற தொட்டியின் அடியில் 1972 ஆவணியில் முழுசாக ஒரு சவரக்கத்தி கிடந்தது. அந்த வாரம் கோப்பைகளெல்லாம் ஏன் அம்மை போட்டு வந்தன என்று அப்போதுதான் புரிந்தது. மேனேஜரிடம் மூச்சு விடவில்லை. கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி அம்சவல்லி பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கருகிப்போன முறுக்காட்டம் இருக்குது. இத வெச்சி என்னா பண்ணப் போறீங்க?"

"தேய்ச்சி எடுத்தா சவரம் பண்ணிக்கலாம்."

"யாருக்கு? எருமைக்கா?"

இதற்கு மேல் குடும்பத்தில் ஆலோசனை கேட்பது வீண் என்று ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் சுப்புராயன் சலூனுக்குப் போனேன். விருத்தாசலத்தில் பாதித் தலைகள் அவர் கைபட்டவை. ஆனால் அவருடைய சொந்தத் தலை மட்டும் பின்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும். முன்னே ஒரு கண்ணாடி, பின்னே ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டு தனக்குத்தானே வெட்டிக்கொள்வார். உள்ளூரில் வேறு ஆள் முன்னால் உட்கார மாட்டார். எட்டு வருஷத்துக்கு முன்பு வரை தம்பி பழமலைதான் அவருக்கு வெட்டிவிடுவானாம், கடைக்கு லீவு விடுகிற செவ்வாய்க்கிழமைகளில்.

அந்தத் தம்பியின் கதை ஊருக்கே தெரியும். அப்பா வைத்துவிட்டுப் போன ஜெர்மன் கத்தியைத் திருடிக்கொண்டு வேப்பூரில் போய்க் கடை போட்டுவிட்டான் என்பது கதை. முகம் நிறைய நுரை பூசிய பிறகுதான் சுப்புராயன் அதை ஆரம்பிப்பார். வாயைத் திறந்தால் சோப்பு உள்ளே போகும் என்பதால் யாரும் குறுக்கே ஒரு கேள்வி கேட்டதில்லை.

கத்தியை நீட்டினேன். கையில் வாங்கினார். அலகைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் நேராகப் பிடியின் மூலைக்குப் போய், அங்கே ஆணிக்குப் பதில் முறுக்கியிருந்த செம்புக் கம்பியைத் தடவியது.

"இது தேறாதுங்க சார். தூக்கிப் போட்டுடுங்க."

"பாக்காமலே சொல்றீங்களே?"

"பாத்துட்டேன், பாத்துட்டேன்."

திருப்பிக் கொடுத்துவிட்டு, சவர பிரஷ்ஷைத் தண்ணீருக்குப் பதில் பவுடர் டப்பாவில் முக்கினார். அன்றைக்கு நான் சவரம் செய்துகொள்ளாமல் வந்துவிட்டேன். எனக்கும் கழுத்து ஒன்றுதானே இருக்கிறது.

ஒருவன் தேறாது என்று சொன்னால் தேற்றியே தீர்வது என் புத்தி. எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்று தடவை எழுதியவன் நான். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். செங்கல் பொடி போட்டுத் தேய்த்தேன். பிறகு டீக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்புப் பூசாத அந்த வளையத்தில் தீட்டினேன். எங்கள் வீட்டில் அரிவாள்மனைக்கே அதுதான் சாணை. மூன்று கோப்பைகளின் அடி தேய்ந்ததும் அலகில் மங்கலாக இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. எழுத்துக் கூட்டினேன். ஜெர்மனி.

உற்சாகத்தில் சவரமும் செய்துகொண்டேன். மோவாயில் ஒரு பிளாஸ்திரியோடு மறுபடி சலூனுக்குப் போனேன். ஆள் இல்லாத நேரம். கத்தியைக் கண்ணாடி முன்னால் வைத்தேன்.

"இது கெடந்த மண்ணு நல்லூர் ஏரியில எடுத்ததுண்ணே," என்றேன்.

சுப்புராயன் நாற்காலியில் உட்கார்ந்தார். வாடிக்கைக்காரர்கள் உட்காரும் நாற்காலி அது.

"அங்க ஒரு கல்யாண வூட்டு வேலைக்குப் போயிருந்தோம் சார், நானும் அவனும். முடிச்சிட்டு நாந்தான் ஏரியில எறங்கி எல்லாத்தையும் கழுவனேன். வூட்டுக்கு வந்து பொட்டியத் தொறந்தா கத்தி இல்ல. அவன் மேல சொல்லிட்டேன். பழமலைநாதர் கோயில்ல வந்து சத்தியம் பண்ணுடான்னேன். வந்தான். கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ணான். அதையும் நான் நம்பல." கத்தியைப் புரட்டினார். "இது தேறாதுன்னா அப்படியே குப்பையில போட்டுடலாம். தேறுச்சின்னா அவனாண்ட போவணும். நீங்களே சொல்லுங்க சார், தேறுமா?"

என் மோவாய் எரிந்தது. தேறாது என்ற பதில் அங்கேயே பிளாஸ்திரியாக ஒட்டியிருந்தது. ஆனாலும் சொன்னேன்:

"எனக்குக் கத்தி பாக்கத் தெரியாதுண்ணே. வேப்பூர்ல ஒருத்தர் இருக்காராம். நல்லாப் பாப்பாராம்."

"செவ்வாக்கெழமை கடை லீவு சார்," என்றார் அவர். பிறகு எழுந்து, நாற்காலியை ஒருமுறை துடைத்தார்.

செவ்வாய்க்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். வேப்பூரில் ஹைவே ஓரம் பழமலையின் கடை திறந்தேயிருந்தது. லாரிக்காரன் தாடிக்குச் செவ்வாய்க்கிழமை ஏது? ஒரு டிரைவருக்கு ஒரு கன்னம் முடித்து மறு கன்னத்தில் நுரையோடு நிறுத்திவிட்டு, பழமலை வாசலைப் பார்த்தார். அண்ணனின் மூக்கு அப்படியே அவருக்கும் இருந்தது.

சுப்புராயன் படியேறினார். கத்தியை மட்டும் நீட்டினார். பழமலையின் கட்டைவிரலும் முதலில் அந்தச் செம்புக் கம்பிக்குத்தான் போனது. பிறகு வெளிச்சத்தில் அலகைச் சாய்த்துப் பார்த்தார். நகத்தில் வைத்து இழுத்தார். கையில் ஒரு முடியைத் தொட்டுப் பார்த்தார்.

"துரு வாய் வரைக்கும் தின்னுடுச்சி. தேறாது," என்றார். "எங்க கெடைச்சிது?"

"நல்லூர் ஏரியில."

"அன்னைக்கு யாரு கழுவனது?"

"நாந்தான்."

லாரி ஒன்று போனது. தூசி அடங்கியது. பழமலை கத்தியை அலமாரியில் வைத்தார். அண்ணனின் தோளைப் பிடித்துத் திருப்பிப் பின்னந்தலையைப் பார்த்தார்.

"இத யாரு வெட்டனது?"

"நாந்தான்."

"ஆடு மேஞ்சாப்பல இருக்குது. இதோட எட்டு வருஷமா ஊருல நடமாடிக்கிட்டு இருந்தியா? உக்காருண்ணா."

"யோவ், எனக்குப் பாதி மூஞ்சி பாக்கி இருக்குதுய்யா!" என்றார் டிரைவர்.

"கொஞ்சம் எழுந்திரிங்க. எங்கண்ணன் வந்திருக்காரு."

டிரைவர் நுரையோடு பெஞ்சுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் பிளாஸ்திரியைப் பார்த்தார். "இங்கதான் வெட்டு வாங்கினியா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் சுப்புராயன். பிடரியில் முடி நூல் பிடித்தாற்போல ஒரே கோடாக நின்றது. பவுடர் வாசனை பின்னால் வரைக்கும் வந்தது.

"கத்திய அங்கயே உட்டுட்டு வந்துட்டீங்களேண்ணே," என்றேன்.

"தேறாதுன்னுட்டானே சார்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இருந்தாலும் அடுத்த செவ்வாக்கெழமை வா, இன்னொரு தரம் சாணையில போட்டுப் பாப்போம்னு சொல்லியிருக்கான்."