பத்து எண்ண முடியாத ஓடை

பாலக்காட்டு மளிகைக் கடையை மகன்களிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருந்த சைனுதீன் ராவுத்தர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் மனைவி கௌலத்தை மூணாறு மலைக்குக் காற்று மாற்ற அழைத்துப் போனார். கூடவே மூங்கில் தூண்டில் ஒன்றும் போயிற்று. அது எவ்வளவு நீளம் என்றால், பஸ் கூரையில் அதன் நுனி கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிய நேரத்தில் அடிப்பக்கம் இன்னும் சித்தூரில் தேங்காய்க்காரர்களை இடித்துக்கொண்டிருந்தது.

கௌலத் விஷக்காய்ச்சலிலிருந்து எழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் போகிற போக்கில் அவள் நாக்கின் ருசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன் நாற்பது வருஷத்தில், குற்றம் சொல்லாமல் அவள் ஒரு கவளம் சோறு இறக்கியதில்லை. கல்யாணப் பந்தியில் நெய்ச்சோறு வைத்தாலும் கிராம்பு ஒன்று கூடிப்போச்சு என்பாள். இப்போதோ எதை வைத்தாலும் பேசாமல் நாலு வாய் விழுங்கிவிட்டு எழுந்துவிடுகிறாள். அந்தப் பேசாமைதான் ராவுத்தரை அரித்தது. பொள்ளாச்சியில் பஸ் நின்றபோது அவளாக ஒன்று சொன்னாள்.

“ஏனுங்க, சேத்து வாசம் இல்லாத மீனு கெடச்சா ரெண்டு வாய் திம்பேனுங்க.”

மூன்று மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். ராவுத்தருக்கு மலை ஏறியதே தெரியவில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் எப்போதோ கப்பலில் கொண்டுவந்து விட்ட டிரவுட் என்ற மீன் மேல்மலை ஓடைகளில் இருப்பதாகக் கேள்விப்பட்டார். எஸ்டேட் ஆபீஸில் கெஞ்சி மூன்று நாளைக்குத் தூண்டில் போடச் சீட்டு வாங்கினார். எந்த ஓடை என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் கிழக்கே கை காட்டினார், தபால்காரர் மேற்கே காட்டினார். கிழக்கு ஓடையில் துணி துவைத்தார்கள். மேற்கு ஓடையில் எருமைகள் படுத்திருந்தன. இரண்டு நாளில் ராவுத்தர் பிடித்தது ஜலதோஷம். அது மட்டும் நல்ல பெரியது.

மூன்றாம் நாள் காலை, கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த அழகுத்தாய் பாலத்தடியில் அவரைப் பார்த்து நின்றாள். எஸ்டேட் துரை மீன் பிடிக்கப் போகும்போது கூடை சுமப்பவன் அவள் புருஷன்தான். ராவுத்தர் கௌலத்தின் காய்ச்சலிலிருந்து தொடங்கிக் கதையை முழுக்கச் சொன்னார். அவள் தலைச்சுமையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

“ராவுத்தரய்யா, தண்ணிக்குள்ள கால விட்டு எண்ணிப் பாருங்க. பத்து எண்ண முடிஞ்சா அங்க மீனு கெடையாது.”

பாலத்தடி ஓடையில் நூறு வரை எண்ணி, பேரப்பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகச் சொல்லி முடித்தார். அதற்கு மேலே இருந்த ஓடையில் இருபது. சோலைக்காட்டு வளைவைத் தாண்டி மூன்றாவது ஓடையில் காலை வைத்தார். மூன்று என்று சொல்வதற்குள் குளிர் தாங்காமல் அந்தக் கால் தனியாகப் பாலக்காட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. குனிந்து பார்த்தால், கண்ணாடி போன்ற தண்ணீருக்கடியில் மீன்கள் வரிசையாக நின்றன.

அவர் பார்த்தார், அவையும் பார்த்தன. அடுத்த கணம் ஒன்றும் இல்லை. மத்தியானம் வரை அதே கதை. சீட்டு சாயங்காலத்தோடு முடிகிறது, காலையில் ஊருக்குப் பஸ். ராவுத்தர் பாறைமேல் நின்று அல்லாவிடம் வாய்விட்டுத் துவா கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் மேலே வந்த அழகுத்தாய் அவரைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

“வெள்ளையும் சொள்ளையுமா கொக்கு மாதிரி நிக்கீகளே, எந்த மீனு கிட்ட வரும்?”

ராவுத்தர் தம்மையே குனிந்து பார்த்துக்கொண்டார். நீலம் போட்டு வெளுத்த ஜிப்பா, வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி. வெள்ளையில் அழுக்குப் படாமல் நாற்பது வருஷம் மிளகாய் மூட்டை நடுவே உட்கார்ந்திருந்தவர் அவர். ஊர்க்குளத்துக் கலங்கல் தண்ணீரில் மீனுக்குத் தன் மீசையே தெரியாது என்பதால், மீனுக்கும் கண் உண்டு என்பது இத்தனை காலம் அவருக்குத் தோன்றவே இல்லை.

துரை சேற்று நிற உடுப்பில் திருடன்போல் தவழ்ந்துதான் போவார் என்று சொல்லி, அழகுத்தாய் மழைக்குப் போர்த்தும் தன் கறுப்புக் கம்பளியை அவர்மேல் போட்டாள். தேயிலைச்சாறும் புகையும் மணக்கும் கம்பளி. ராவுத்தர் குப்புறப் படுத்து, உடும்பாக ஊர்ந்து, புல் ஓரமாகப் புழுவை விட்டார்.

இழுத்த இழுப்பில் மலையே ஒரு முழம் நகர்ந்தது. வந்து விழுந்த மீனின் மேலெல்லாம் மிளகு தூவிய புள்ளி, விலாவில் ரோஜா நிறக் கோடு. இருட்டுவதற்குள் அதைவிடப் பெரியதாக இன்னொன்றும் வந்தது. அந்தப் பெரியதைக் கம்பளியோடு, வேலை முடிந்து வந்த அழகுத்தாயிடம் கொடுத்தார். வேண்டாம் என்று மறுத்தவளிடம், நீங்கள் வாங்காவிட்டால் இதை ஓடையிலேயே விட்டுவிடுவேன் என்று மிரட்டித்தான் கொடுக்க முடிந்தது.

தங்கியிருந்த அறையில் அவரே மிளகும் உப்பும் தடவி, வாழையிலையில் பொதிந்து சுட்டார். கௌலத் ஒரு துண்டு எடுத்தாள். மென்றாள். இன்னொரு துண்டு. ராவுத்தர் மூச்சை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. பாதி மீன் முள்ளாகிய பிறகு அவள் தலை நிமிர்ந்தாள்.

“உப்புப் பத்தலீங்க. மிளகு காந்துது. இத்தன வருசம் மளிகைக்கட வெச்சு என்ன புண்ணியம்?”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் ராவுத்தர். கண் நிறைந்துவிட்டது. அதற்கு மிளகைக் காரணம் காட்டினார்.

ஊர் திரும்பும்போது கோபாலபுரம் சாவடியில், கூரையில் கிடந்த தூண்டிலைப் பார்த்த காவலர் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார். ராவுத்தர் இரண்டு கைகளையும் ஒரு முழத்துக்கு விரித்துக் காட்டினார். நாற்பது வருஷமாக அவர் அளக்கும் கதைகளை ஆள் நடுவே பாதியாக வெட்டி வந்த கௌலத், முறுக்கைக் கடித்துக்கொண்டே, அவர் கைகளைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்து வைத்தாள்.