நிமிர்ந்து நின்ற ஜெல்

அண்ணனுக்கு ஒருத்தி, தம்பிக்கு ஒருத்தி என்று ஒரே வீட்டில் வாக்கப்பட்டவர்கள் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தால் என்ன ஆகும்? ஆக வேண்டியதுதான் ஆனது. இருவருமே தற்காலிகம், நிரந்தரமாக ஒரே ஓர் இடம். ஜெல்லில் சென்சார் அச்சடித்துக் காட்ட வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் சொட்டியதும் யாருடையது ஒழுங்காக அளக்கிறதோ அவளுக்கு வேலை, மற்றவள் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டார் தலைவர்.

மூத்தவள் இளையவளின் மேசையையே எட்டி எட்டிப் பார்த்தாள். பின்னே? வேதியியல் படித்தவள் அவள். அச்சு இயந்திரம் மட்டுமே தெரிந்துகொண்டு நேற்று வந்த இளையவளோ, ஊசிமுனையில் ஜெல்லை நூலாக இழுத்து மின்முனைமேல் வலை பின்னிவிடுகிறாள். ஒரே குறை, ஓரம் சரிந்துவிடும்.

காய்ந்தால் ஜெல் பாழ் என்பதால் தேர்வன்று காலையில்தான் அச்சடித்தார்கள்.

"அக்கா, இன்னிக்கும் சரியுது. மானம் போகப்போகுது."

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கே? யூவி லைட்ட இன்னும் கொஞ்ச நேரம் காட்டு. கல்லாட்டம் நிக்கும்."

"ஒண்ணும் ஆகாதேக்கா?"

"நான் உனக்குக் கெடுதல் சொல்வேனா?"

சொன்னாள். அந்த விளக்கு ஜெல்லை இறுக்கும். அளவு மீறினால் சர்க்கரையை மோப்பம் பிடிக்க உள்ளே வைத்திருக்கும் நொதியைக் கொன்றுவிடும். மூத்தவளுக்கு அது தலைகீழ்ப் பாடம்.

இளையவளின் ஜெல் நின்ற அழகைப் பார்த்துத் தலைவரே "அடடா!" என்றார். மூத்தவளுடையது பக்கத்தில் பூனை நக்கிய மாதிரிக் கிடந்தது. தன்னுடையதற்கு விளக்கு போதவில்லையோ என்று அவளே ஒரு நொடி சந்தேகப்பட்டாள்.

சொட்டு விட்டார்கள். திரையில் மூத்தவளின் கோடு ஏறியது. இளையவளின் கோடு செத்த பாம்பு. இன்னொரு சொட்டு, அசையவில்லை.

"பொணத்துக்கு அலங்காரம் பண்ணிக் கொண்டாந்திருக்கியேம்மா!" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவள் மட்டும் சிரிக்காமல் இளையவளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எப்பேர்ப்பட்ட மனசு!

வீட்டில் மாமியார் ஆறுதல் சொன்னாள்: "விடும்மா. அடுப்படிக்கும் ஒரு ஆள் வேணுமில்ல."

மறுநாள் காலை இளையவள் வீங்கிய கண்ணோடு வந்து நின்றாள். "தப்பு என்னன்னு புரிஞ்சிடுச்சுக்கா. நீங்க கொஞ்ச நேரம்னுதான் சொன்னீங்க. ஆசைல நான்தான் ரொம்ப காட்டிட்டேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்று மூத்தவள் செருப்பை மாட்டினாள். "என் சின்னப் பையன ஸ்கூல்ல விட்டுடு. நீ வீட்லதானே இருக்கே?"

"சரிக்கா."